கசப்பைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்கள்: சேலத்திலிருந்து எஸ்.எஸ்.சி. எழுதுவோருக்கு

மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி, அதில் ஆங்கிலம் 25. மரபுத்தொடர் தெரிந்திருந்தால் பத்து விநாடியில் வேலை முடிந்துவிடும். தெரியாவிட்டால் ஒரு நிமிடம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் வராது. கசப்பு, ஏமாற்றம், பட்டறிவு பற்றிய தொடர்களை ஒரே மூச்சில் சேர்த்துப் படிப்பது நல்லதுதான். எல்லாவற்றுக்கும் எதிரே 'வருத்தம்' என்று எழுதி மனப்பாடம் செய்வதுதான் கெடுக்கிறது.

'டு தி பிட்டர் எண்ட்' என்பதையே பாருங்கள். 'கசப்பான முடிவு' என்றொரு விடை வலை விரித்துக் காத்திருக்கும். உண்மைப் பொருள், எவ்வளவு சிரமம் வந்தாலும் கடைசிவரை விடாமல் நிற்பது. கப்பலில் நங்கூரக் கயிற்றின் உள்முனைக்கும் பிட்டர் எண்ட் என்றுதான் பெயர். கயிறு முழுக்க ஓடித் தீர்ந்தால் மிஞ்சுவது அந்த முனைதான். இந்தப் படம் மனதில் இருந்தால் தொடர் மறக்காது.

'எ பிட்டர் பில் டு ஸ்வாலோ', 'லீவ் எ பிட்டர் டேஸ்ட் இன் தி மவுத்' இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். முதலாவது, பிடிக்காவிட்டாலும் விழுங்கியே ஆகவேண்டிய உண்மை. இரண்டாவது, எல்லாம் முடிந்த பிறகும் போகாத மனக்கசப்பு. முன்னதில் விழுங்கும் நேரம், பின்னதில் விழுங்கியதற்குப் பிந்தைய நேரம். கேள்வி வாக்கியத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

'சவர் கிரேப்ஸ்' என்றதும் பலர் 'பொறாமை' என்று குறித்துவிடுகிறார்கள். நம் நரி சொன்ன 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' அப்படியே பொருந்தும்: கிடைக்காததை மட்டமென்று தள்ளுவது. 'டேம்ப் ஸ்குவிப்' நமத்துப்போன வெடி. ஆரவாரமாக எதிர்பார்த்தது புஸ்வாணமாகிப்போவதை நாமும் அப்படித்தான் சொல்கிறோம். 'ஒன்ஸ் பிட்டன், ட்வைஸ் ஷை' சூடு கண்ட பூனைக்கு உறவு.

'கோ த்ரூ தி மில்' என்பதற்கு ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ பேக்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, பால் எடுத்துத் தெளியவைத்து, அந்த மாவைக் குருணையாக உருட்டி, வறுத்துக் காயவைத்த பிறகுதான் ஜவ்வரிசி. அத்தனை பாடும் பட்டு வந்த ஆளைப் பற்றியது இந்தத் தொடர். 'வேக் அப் அண்ட் ஸ்மெல் தி காபி' என்றதும் ஏற்காட்டுத் தோட்டமும் இதமான காலையும் கண்முன் வந்தால் தவறு செய்வீர்கள். கனவை விட்டு, கசக்கிற நிஜத்தைப் பார் என்று தட்டி எழுப்புவது அது.

'கால் அண்ட் வார்ம்வுட்' அபூர்வமாக வரும், ஆழ்ந்த மனக்கசப்பைக் குறிக்கும். விவிலியத்துப் புலம்பல் நூலில் உள்ள இணை இது. தமிழ் விவிலியத்தில் 'எட்டியும் பிச்சும்' என்று இருக்கும்; பிச்சு என்றால் பித்தம். எட்டிக்காயின் கசப்பை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உப்பு வந்தால் உஷார். 'ரப் சால்ட் இன் தி வூண்ட்' வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது. 'டேக் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்றால் ஒரு பேச்சை முழுதாக நம்பாமல் எடுத்துக்கொள்வது, அதில் வேதனையே இல்லை.

பிழை கண்டறியும் கேள்வியில் சின்னச் சொற்கள்தான் மாறும். 'சிப் ஆன் ஒன்ஸ் ஷோல்டர்' என்பதில் 'ஆன்' இடத்தில் 'இன்' வந்தால் பிழை. பழைய குறையை மனதில் வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பது என்பது இதன் பொருள். தோளில் சுமக்கும் பொறுப்பு என்று எழுதுவோர் உண்டு, அது வேறு.

சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 குறையும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாகக் கிடைப்பது 0.125 மட்டும். சொல்லுக்குச் சொல் பொருள் தரும் விடையோடு இன்னொன்றையும் அடித்துவிட்டால் அது 0.75 ஆகும். ஆகவே இரண்டையாவது நீக்க முடிந்தால் துணிந்து குறியுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து தொடர் போதும். நோட்டில் இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் தமிழ் ஈடு, கீழே சொந்த வாக்கியம் ஒன்று. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் வலப்பக்கத்தை மறைத்துச் சொல்லிப்பாருங்கள். தடுக்குவதை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்.