ஆற்றில் தண்ணீர் வரும் மாதத்தில் ஓர் ஆய்வு

மே 28, தஞ்சாவூர்

பெயர்ப் பதிவு இன்றோடு முடிந்தது. திருவையாறு, பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் அதிகம். என் ஆய்வின் கேள்வி சின்னது. போனிலேயே எட்டு வாரம் நடத்தும் ஒரு தியான வகுப்பு, வயது வந்தவர்களின் கோபதாபத்தைக் கையாளும் திறனையும் பிறர்மேல் உள்ள இரக்கத்தையும் கூட்டுமா? எட்டு வாரம் என்பது பழைய கணக்குதான். 1979-ல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸில் தொடங்கிய தியானப் பயிற்சியும் எட்டு வாரம். அது ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து கற்றது. இங்கே ஆசிரியர் போனுக்குள் இருக்கிறார்.

குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்தோம். பாதிப் பேருக்கு வகுப்பு இப்போது, மீதிப் பேருக்கு ஆகஸ்டில். காத்திருக்கும் பக்கம் விழுந்த அங்கன்வாடி அக்கா ஒருவருக்கு மனத்தாங்கல். "நான் என்னம்மா பாவம் பண்ணேன்?" என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் மாற்றம் வகுப்பால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியாமல் போய்விடும் என்று விளக்கினேன். "அப்ப நாங்க சும்மா இருக்கறதும் ஒரு வேலைதான்" என்றார். ஆமாம் அக்கா, பாதி ஆய்வே அதுதான்.

ஜூன் 3, வலங்கைமான் பக்கம்

வகுப்புக்கு முந்தைய கேள்வித்தாள். உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ஆலிவர் ஜானும் 2003-ல் வெளியிட்டது. மொத்தம் 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஆறு வாக்கியங்கள், நடந்ததை வேறு விதமாக யோசித்து மனசை மாற்றிக்கொள்வது பற்றி. நான்கு, உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் அடக்குவது பற்றி.

திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அக்காவுக்கு நான் படித்துக் காட்டினேன். அடக்குவது பற்றிய நான்குக்கும் யோசிக்காமல் ஏழு. "அடக்குனாத்தானே குடும்பம் நடக்கும்?" என்றார். அதைச் சொல்லும்போது கை வேகம் கூடியது. இலையும் காம்புமாகச் சேர்ந்தே முறத்தில் விழுந்தது. அப்புறம் காம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

அடக்கி அடக்கி வைப்பவர்களுக்கு மனநலம் குறைவு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆசியப் பண்பாட்டில் வளர்ந்தவர்களிடம் அந்தக் கெடுதல் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. அந்த அக்கா சொன்ன ஏழு மதிப்பெண்ணைப் பார்த்தவுடன் "குறை" என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் கையும் எனக்கு ஒன்று சொன்னது. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாயிற்று. இன்னும் சில நாளில் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். போன் பண்ணிய எல்லோர் குரலிலும் ஒரு தெம்பு. நீடாமங்கலத்து அண்ணன் ஒருவர் விதை நெல் வாங்கிய கதையைச் சொல்லி முடிக்கவே இல்லை.

இந்த மாதத்தில் யாரைக் கேட்டாலும் மனசு லேசாகத்தான் இருக்கும். வகுப்பே நடத்தாமல் ஜூன் தொடக்கத்திலும் ஜூலைக் கடைசியிலும் கேள்வித்தாள் கொடுத்தாலும் மதிப்பெண் ஏறியிருக்கும். அந்த ஏற்றம் தண்ணீரால் வந்தது. காத்திருக்கும் பாதிப் பேருக்கும் அதே தண்ணீர்தான் பாய்கிறது. அவர்களைவிட வகுப்பில் இருப்பவர்கள் எவ்வளவு அதிகம் மாறினார்கள் என்பதை மட்டும்தான் வகுப்பின் கணக்கில் எழுத முடியும். அங்கன்வாடி அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 27

நடவு தொடங்கிவிட்டது. விடியும் முன்பே கிளம்பிப் போகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு எப்படிக் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பார்கள்? தூங்கிவிடுகிறார்கள். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் வீட்டுக்காரர் சட்டைப்பையில். ஒலிப்பதிவு திறக்கப்படாமலே கிடக்கிறது.

ஆன்லைன் வகுப்பு எதுவானாலும் பாதியில் நிற்கிறவர்கள் நிறையப் பேர். நின்றவர்களைக் கழித்துவிட்டு மிச்சப் பேரை மட்டும் எண்ணினால் வகுப்பு பிரமாதமாகத் தெரியும். கடைசி வரை இருப்பவர்கள் நேரமும் சொந்த போனும் வாய்த்தவர்கள்தானே. அதனால் நின்றவர்களையும் வகுப்புக் கணக்கிலேயே வைக்கிறோம். அவர்கள் வீட்டுக்கும் போய்க் கடைசிக் கேள்வித்தாளை நிரப்பி வாங்கப் போகிறேன். கூலிக்கு நடவு நடும் பெண்ணுக்கு எட்டாத வகுப்பு என்றால், டெல்டாவில் அது வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

ஜூலை 9

கைடு மேடத்தோடு நீண்ட பேச்சு. இரக்கம் கூடியதா என்று அவரவரையே கேட்டால் "கூடியது" என்றுதான் சொல்வார்கள். இரக்கம் இல்லை என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? செயலைப் பார்க்க வேண்டும்.

உளவியலாளர் டேவிட் டிஸ்டெனோவும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்ததை மேடம் நினைவுபடுத்தினார். காத்திருப்பு அறையில் மூன்று நாற்காலி. இரண்டில் ஆய்வாளர்களின் ஆட்கள், மூன்றாவதில் உண்மையான பங்கேற்பாளர். ஊன்றுகோலோடு வலியில் முகம் சுளித்தபடி ஒரு பெண் வருகிறாள். மற்ற இருவரும் கண்டுகொள்வதில்லை. மூன்றாமவர் எழுந்து இடம் தருகிறாரா? 2013-ல் வந்த முடிவு: பயிற்சி எடுக்காதவர்களில் 16 சதவீதம், எட்டு வாரம் தியானம் கற்றவர்களில் 50 சதவீதம். 2015-ல் இதையே போன் செயலியில் மூன்று வாரம் பயின்றவர்களிடம் பார்த்தார்கள். மூளைப் பயிற்சிச் செயலி பயன்படுத்தியவர்களில் 14 சதவீதம் எழுந்தார்கள், தியானச் செயலிக்காரர்களில் 37.

போன் வழியாகவும் ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு இதிலிருந்துதான். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்கு வந்தவர்கள் கையிலும் ஒரு செயலி இருந்தது. எங்களிடம் அது இல்லை, வெறும் காத்திருப்புதான். யாரோ நம்மைத் தினமும் விசாரிக்கிறார்கள் என்பதே சிலருக்குப் பாதி மருந்து. அந்தப் பங்கை எங்கள் ஆய்வால் பிரித்துக் காட்ட முடியாது. அறிக்கையில் முதல் பக்கத்திலேயே அதை எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். சரி என்றேன்.

ஜூலை 20, பாபநாசம்

கோபம் குறைந்ததா என்று கோபக்காரரை மட்டும் கேட்பானேன்? அதை வாங்கிக் கட்டிக்கொள்கிறவரையும் கேட்கலாமே. ஒப்புதல் கொடுத்த வீடுகளில் கூட இருக்கும் ஒருவரிடமும் தனியாகப் பேசுகிறோம். இந்த வீட்டில் அப்பா வகுப்பில் இருக்கிறார், மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அப்பா இப்பவும் கத்துறாரு. ஆனா கத்திட்டு வெளிய போறதில்ல, கொஞ்ச நேரத்துல வந்து சாப்ட்டியான்னு கேக்குறாரு" என்றாள். பத்து வாக்கியங்களில் எதிலும் இதற்கு இடம் இல்லை. எனக்கு இந்த ஆய்வில் கிடைத்ததிலேயே பெரிய தகவல் இது. ஒரே ஒரு வீடு, எண்ணாக மாற்ற முடியாது. இருந்தாலும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. கடைசிக் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. கணக்கை இன்னும் திறக்கவில்லை. அதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும் என்று மேடத்திடம் பிடிவாதமாக நின்றேன்: நவம்பரில் இன்னொரு முறை அளக்க வேண்டும். 2018-ல் கஜா புயல் அடித்தது நவம்பர் 16-ல். அந்த மாதம் வந்தாலே இங்கே வானத்தைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பொறுமை போய்விடும். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், பக்கத்து வயல்காரரோடு வடிகாலுக்குச் சண்டை வரும். அப்போதும் வகுப்பில் கற்றது கை கொடுக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மேடம் ஒத்துக்கொண்டார். ஆனால் காத்திருந்தவர்களும் அதற்குள் வகுப்பை முடித்திருப்பார்கள், நவம்பரில் ஒப்பிட யார் இருப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களுடைய வகுப்பைத் தள்ளிப்போடலாம் என்றார். ஆகஸ்ட் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, அதை மீற நான் தயாராக இல்லை. நவம்பரில் ஒப்பீடு இல்லாமல், முன்பு இருந்த நிலையும் இப்போதைய நிலையும் என்று மட்டும் எழுதுவோம், அதன் பலவீனத்தையும் சேர்த்து.

அங்கன்வாடி அக்காவுக்கு முதல் பாடம் வரும் திங்கட்கிழமை போகிறது.