டிரைக்கோடெர்மா: பச்சையெல்லாம் ஒன்றல்ல

கிலோ விதைக்கு 4 கிராம் என்று நம் விவசாயிகள் விதை நேர்த்திக்குக் கலக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சை, பல நேரங்களில் விரிடியே அல்ல. இந்தியாவில் அந்தப் பெயரில் புழங்கிய பல ஸ்ட்ரெயின்களின் (ஒரு சிற்றினத்துக்குள் அடங்கும் தனித்தனி வகைகள்) மரபணு வரிசையைப் பார்த்தபோது, அவை 1999-இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்ட அஸ்பரெல்லமாகவோ அதன் நெருங்கிய உறவான அஸ்பரெல்லாய்டஸாகவோ இருந்தன. வேரழுகலைத் தடுக்கும் வேலையை அவையும் செய்கின்றன. பிறகு பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மொட்டுக் காளான் வளர்ப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

1985-இல் வட அயர்லாந்தின் காளான் பண்ணைகளில் டிரைக்கோடெர்மாவால் வரும் பச்சைப் பூசணம் கடுமையாகப் பரவியது. அங்கு பிரித்தெடுத்த டிரைக்கோடெர்மாக்களை டிஎச்1, டிஎச்2, டிஎச்3 என வகைப்படுத்தியபோது, கம்போஸ்டை முழுதாக ஆக்கிரமித்து விளைச்சலை அழித்தது டிஎச்2 மட்டுமே என்று தெரிந்தது. பின்னர் வட அமெரிக்காவில், குறிப்பாகப் பென்சில்வேனியாவில், டிஎச்4 அதே நாசத்தைச் செய்தது. சிக்கல் என்னவென்றால், இவை இரண்டும் அப்போது ஹார்சியானம் என்ற சிற்றினப் பெயராலேயே அழைக்கப்பட்டன. பயிர்நோய்க் கட்டுப்பாட்டுக்கு விற்கப்பட்ட பூஞ்சைக்கும் அதே பெயர்தான். வயலுக்குத் தெளித்தது காளான் படுக்கைக்குப் போய்விட்டதோ என்ற சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை.

நுண்ணோக்கியில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். வித்துகளைத் தாங்கும் கிளைகளும் பச்சை வித்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வளர்ச்சி வேகம் ஓரளவு உதவியது: 35 டிகிரி செல்சியஸில் ஹார்சியானம் நன்கு வளர, காளானை அழிக்கும் வகையின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். (மோப்பமும் சில சமயம் உதவும், அட்ரோவிரிடி என்ற இன்னொரு சிற்றினம் தேங்காய் மணம் வீசும்.) டி.என்.ஏ. ஒப்பீடுகள் சந்தேகத்தைத் தீர்த்தன. வயலில் பயன்பட்ட ஸ்ட்ரெயின்கள் வேறு, காளானைத் தாக்கியவை வேறு என்று உறுதியானபின், 2002-இல் அந்த எதிரிக்கு அக்ரெசிவம் என்ற தனிப்பெயர் கிடைத்தது.

ஐடிஎஸ் என்னும் டி.என்.ஏ. பகுதியை மட்டும் படித்துச் சிற்றினத்தை முடிவு செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது; நெருங்கிய சிற்றினங்களுக்கு அது போதாது, டெஃப்1, ஆர்பிபி2 ஆகிய மரபணுக்களையும் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்ததால்தான் 2015-இல் ஹார்சியானமே பத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களாகப் பிரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரு ஸ்ட்ரெயின்களின் புரோட்டோபிளாஸ்டுகளை (சுவர் நீக்கிய செல்கள்) இணைத்து உருவாக்கிய புகழ்பெற்ற டி-22 ஸ்ட்ரெயின், இன்று ஆஃப்ரோஹார்சியானம் ஆகிவிட்டது.

சிற்றினம் தெரிந்தாலும் வேலை பாதிதான் முடிகிறது. ஒரே சிற்றினத்தின் இரு ஸ்ட்ரெயின்களில் ஒன்று நோய்ப்பூஞ்சையைச் சுற்றி வளைத்து அழிக்க, மற்றொன்று சும்மா இருக்கக்கூடும். நாம் மண்ணில் இட்டதுதான் அங்கே பிழைத்திருக்கிறதா, அல்லது ஏற்கெனவே அந்த மண்ணில் இருந்த உறவினரா என்று அறிய, அந்த ஸ்ட்ரெயினுக்கே உரிய டி.என்.ஏ. அடையாளம் (ஸ்கார் என்பது அத்தகைய ஒன்று) வேண்டும். ஆகவே பொட்டலத்தில் சிற்றினப் பெயரைவிட ஸ்ட்ரெயின் எண்ணைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.