ஓஹ்ரித் ஏரிக்கரையில்

அல்பேனியா, வடக்கு மாசிடோனியா, கொசோவோ எனப் பால்கன் நாடுகளினூடே போய்க்கொண்டிருக்கும் இந்தப் பயணத்தில், வடக்கு மாசிடோனியாவின் ஓஹ்ரித் நகரத்துக்கு ஒரே ஓர் இரவை ஒதுக்கியிருந்தது என் தப்புக்கணக்கு. அது இப்போது மூன்று இரவுகளாகிவிட்டது. அல்பேனியாவும் வடக்கு மாசிடோனியாவும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஓஹ்ரித் ஏரி ஐரோப்பாவின் மிகப் பழைமையான ஏரிகளுள் ஒன்று. அதன் பெரும ஆழம் ஏறத்தாழ 288 மீட்டர் என்றாலும், கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபோது என் கால் நகங்களும் அவற்றருகே சுற்றிய விரல் நீள மீன்குஞ்சுகளும் துல்லியமாகத் தெரிந்தன.

சாமுவேல் கோட்டையிலிருந்து மரங்களுக்கிடையே இறங்கி வந்தால், ஏரிக்கு மேலே பாறை விளிம்பில் கனேயோ புனித யோவான் தேவாலயம் நிற்கிறது. படங்களில் பெரிதாகத் தோன்றும் அது, நேரில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது புனித சோபியா தேவாலயம்தான். உதுமானியர் காலத்தில் பள்ளிவாசலாக மாற்றப்பட்டபோது பூசப்பட்ட சுண்ணாம்புக்கு அடியில் மறைந்திருந்த 11ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், பிற்காலச் சீரமைப்பில்தான் மீண்டும் வெளிப்பட்டன.

கடைத்தெருவில் விற்கும் 'ஓஹ்ரித் முத்து' சிப்பிக்குள் விளைவதன்று. பிளாசிட்சா என்னும் சிறு மீனின் செதில்களிலிருந்து எடுக்கும் பூச்சை, சிப்பி ஓட்டு மணியின்மீது அடுக்கடுக்காகப் பூசிச் செய்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கியிருக்கிறேன். மீன் செதில் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.