மிச்சம் எங்கே போச்சு?

தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் பசியாறும்போது அப்பா கேட்டார்: "அந்தத் தகடு வேலை முடிஞ்சுதாம்மா? எத்தனை பெர்சன்ட் வந்துச்சு?"

அப்பா முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், பெர்சன்ட் அவருக்குப் பழகிய கணக்கு. ஸ்டோரில் பாலை எடை போட்ட பிறகு, கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, ரப்பர் அளவைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிடுவார். ரப்பர் தண்ணீரைவிட லேசு. அதனால் ரப்பர் கூடுதலாக உள்ள பாலில் கருவி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். தோட்டத்துப் பாலில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் ரப்பர் இருக்கும். அந்த எண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

நான் அளப்பது எக்ஸ்ரே கேசட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தகட்டை. அதில் பூசிய பாஸ்பர், எக்ஸ்ரேயை வெளிச்சமாக மாற்றுகிறது. ஃபிலிமில் பெரும்பாலும் பதிவது அந்த வெளிச்சம்தான். 1896இல் எடிசன் தேர்ந்தெடுத்த கால்சியம் டங்ஸ்டேட், வாங்கிய சக்தியில் 5 சதவீதம் அளவுக்கே வெளிச்சமாக்கும். 1970களில் வந்த, டெர்பியம் சேர்த்த கடோலினியம் ஆக்ஸிசல்பைடு 15 முதல் 20 வரை தரும். அதனால் நோயாளி உடம்பில் பாயும் கதிரைக் குறைக்க முடிந்தது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அதற்காகத்தான்.

அப்பாவுக்கு இப்படிச் சொன்னேன்: மரத்திலிருந்து வடிவதில் எவ்வளவு மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழுந்தது என்பது ஒரு கணக்கு. விழுந்த பாலில் ரப்பர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. தகட்டுக்கு வரும் எக்ஸ்ரேயில் ஒரு பங்கு நிற்கும், மீதி ஊடுருவிப் போய்விடும். நின்றதில் எவ்வளவு வெளிச்சமானது என்பதுதான் என் கேள்வி. பூச்சைத் தடிப்பாக்கினால் கூடுதலாக நிற்கும். ஆனால் உள்ளே பிறந்த வெளிச்சம் பூச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

முதல் தடவை எனக்கு 25ஐத் தாண்டி வந்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் தகட்டுக்கும், வெளிச்சத்தை அளக்கும் ஃபோட்டோடயோடுக்கும் நடுவில் ஒரு கறுப்புத் தாளைச் செருகினேன். வெளிச்சம் அதைத் தாண்டாது, எக்ஸ்ரே தாண்டும். அளவு பூஜ்யமாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. தகட்டில் நிற்காமல் வந்த எக்ஸ்ரே டயோடிலேயே நேராகப் பட்டு, வெளிச்சம் மாதிரி கணக்கில் ஏறியிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் 16.

"தண்ணி கலந்த பாலு," என்றார் அப்பா உடனே. "நிறையில ஏறும், மெட்ரோலாக்கு காட்டிக் குடுத்துடும்." கோப்பியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, மிச்சம் 84 எங்கே போச்சு?"

பெரும்பாலும் சூடாகத்தான் போகிறது. பச்சை வெளிச்சத்தின் ஒரு துளிக்கு 2.3 எலக்ட்ரான் வோல்ட் சக்தி போதும். ஆனால் அந்த ஒரு துளி பிறக்க, படிகத்துக்குள் அதைப்போல ஐந்தாறு மடங்கு செலவாகிவிடுகிறது. எவ்வளவு சுத்தமாகப் பொடியைத் தயாரித்தாலும் இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

"மரத்துல ஒட்டிக் காஞ்ச ஒட்டுப்பால் மாதிரி மறுநாள் உரிச்சு எடுக்க முடியாதா?"

"முடியாதுப்பா."

அப்பாவுக்கு அது மனசே ஆறவில்லை.