தேக்கா மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தங்கை மகளின் காதணி விழாவுக்காகத் திருச்சியிலிருந்து புறப்பட்டபோது பெட்டி நிறையப் பட்டுப் புடவைகளை அடுக்கிய நான், அன்றாடம் உடுத்த நல்ல பருத்தித் துணி எதையும் எடுத்து வைக்கவில்லை. ஆண்டு முழுவதும் புழுக்கம் குறையாத சிங்கப்பூரில் அது எவ்வளவு பெரிய பிழை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எனவே ஞாயிறு காலை ஈசூனிலிருந்து தங்கையும் நானும் பெருவிரைவு ரயிலில் கிளம்பினோம்.

முதலில் பூகிஸ் ஸ்திரீட்டுக்குப் போனோம். பழைய பூகிஸ் தெரு 1980களில் ரயில் நிலையத்துக்காக இடிக்கப்பட்டது. இப்போதிருப்பது பின்னர் எழுந்த கூரையிட்ட சந்தை. தோளோடு தோள் உரசும் நடைவழிகளில் கைப்பைகளும் பழச்சாறும் டி-சட்டைகளும் நெருக்கியடித்துக் கிடந்தன. அக்கா பிள்ளைகளுக்காக 10 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மூன்று என்று விற்ற டி-சட்டைகளை எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்தோம். இளையவர்களுக்கு அது தகுந்த இடம். எனக்கு வேண்டியது அங்கே இல்லை.

அங்கிருந்து லிட்டில் இந்தியா இரண்டே நிறுத்தம். அங்குள்ள தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மீனும் ஆட்டிறைச்சியும் கீரையும் விற்கும் ஈரச்சந்தையும் உணவுக்கடைகளும் இருக்கின்றன. மாடி ஏறினால் துணிக்கடைகள். 1915இல் சாலைக்கு எதிர்ப்புறம் எழுந்த பழைய சந்தைக்குப் பதிலாக இந்தக் கட்டடம் 1982இல் வந்தது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்பது இந்த வட்டாரத்தின் மலாய்ப் பெயர். அருகிலுள்ள பஃபலோ சாலை இன்றும் அதை நினைவூட்டுகிறது.

மாடிக் கடைகளில் சுடிதாரும் குர்த்தாவும் கூரை வரை தொங்குகின்றன. விலை கேட்டதும் வாங்கிவிடாமல், துணியை உட்புறம் திருப்பித் தையலோரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும்படி தங்கை சொல்லித்தந்தாள். பளபளப்பாக வழுக்கிய ஒரு ரேயான் மேலாடையை நான் எடுக்கப் போனபோதும் அவள்தான் தடுத்தாள். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும், முதல் துவைப்பிலேயே சுருங்கவும் கூடும். இறுதியில் பருத்திக் குர்த்தாக்கள் இரண்டை, பேசிப் பேசி 28 வெள்ளிக்கு முடித்தோம். இரண்டும் எனக்குத் தோளில் தளர்ந்தும் கையில் நீண்டும் இருந்தன. ஆயினும் அந்த மாடியில் துணிக்கடைக்குப் பக்கத்திலேயே தையல்காரர்கள் இருப்பதால் அது ஒரு குறையாகப் படவில்லை. மலிவு விலைத் துணி உடம்புக்கு அளவாக அமைவது அவர்களுடைய கையால்தான். ஆகவேதான், பெரிய கடைகளின் தள்ளுபடியைவிட இந்த மாடியை நான் உயர்வாக மதிக்கிறேன்.

நாங்கள் போன தையல்கடையில் எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்றிருந்தார். புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை, அடுத்த மாதம் விடுப்பில் ஊருக்குப் போகிறார். அவர் கையில் மாம்பழ நிறத்தில் ஒரு பாவாடை சட்டை இருந்தது. கைப்பேசியின் காணொளி அழைப்பில் அவர் மனைவி, மகளை நிற்க வைத்து இடுப்பையும் உயரத்தையும் நாடாவால் அளந்து சொல்லச் சொல்ல, தையல்காரர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். குழந்தை ஓரிடத்தில் நில்லாமல் ஓடியதால் மூன்று முறை அளக்க வேண்டியிருந்தது.

ஊரில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே என்று மனத்தில் பட்டதை நான் கேட்டுவிட்டேன்.

“கிடைக்கும் அக்கா. ஆனா அப்பா வாங்கிட்டு வந்ததுன்னு சொல்லிக்கிட்டுத் திரியணும்ல,” என்றார் அவர்.

அவர் போன்றவர்கள் வாரத்தில் ஒரு நாள் விடுப்பில் கூடுவதால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலை நடக்க இடமின்றி நிரம்புகிறது. கூட்டம் என்று சலித்துக்கொள்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அங்கே நின்றபோது எனக்கு அந்தச் சலிப்பு துளியும் வரவில்லை.

தையல்காரர் பாவாடையின் இடுப்பைப் பிரித்துக் கொஞ்சம் யோசித்தார். பிள்ளை வளர்கிற வயது, இவர் மறுபடி ஊருக்குப் போக எத்தனை காலம் ஆகுமோ என்று சொல்லி, இடுப்பிலும் கீழ் மடிப்பிலும் மூன்று விரற்கடை துணியை உள்ளே விட்டுத் தைக்கத் தொடங்கினார். என் குர்த்தாக்கள் முடிய மணி நான்காயிற்று. இரண்டுக்கும் சேர்த்து 12 வெள்ளி வாங்கிக்கொண்டார். அவற்றில் ஒன்றை அங்கேயே மாற்றி உடுத்திக்கொண்டு படியிறங்கினேன்.