மலைநாட்டு ஈரத்தில் பிளாஸ்டிக் கிரிலுக்குப் பெயின்ட் அடிக்கும் முறை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இன்னும் ஓடுகிற பொக்ஸ் லான்சர், டீஎக்ஸ் வேகன், பி11 சன்னி போன்ற பழைய ஜப்பான் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதிதான். காரின் பொடி (உடல்) பளபளவென்று இருக்கும், முன் கிரில் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் பட்டைச் சட்டம்) மட்டும் சாம்பல் பூத்து நிற்கும். பெயின்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலம் போனதும் சிம்பு சிம்பாக உரியும். உடனே பெயின்டைத் திட்டிவிட்டு வேறு பிராண்ட் வாங்குவார்கள். பெரும்பாலும் குற்றவாளி காற்றிலுள்ள ஈரமும், கழுவாமல் விட்ட மெழுகும்தான்.

1969 கமரோ போன்ற அமெரிக்க மசில் கார்களின் கிரில் உடைந்தால் மறுதயாரிப்புக் கிரில் வாங்கிவிடலாம். நம்மூர் பழைய ஜப்பான் கார்களுக்கு உடையாத கிரில் கிடைப்பதே அபூர்வம். ஆகவே இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். பின்பக்கம் ஏபிஎஸ், பிபி (பொலிபுரோப்பிலீன்) என்று பிளாஸ்டிக் வகையின் பெயர் அச்சாகி இருக்கலாம்; பழையவற்றில் பெரும்பாலும் இருக்காது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். ஒட்டும் பசையாக இளகினால் ஏபிஎஸ். ஒன்றும் ஆகவில்லையா, ஒரு சிறு சில்லைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிபி. அப்படியானால் பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) இல்லாமல் எந்தப் பெயின்டும் நிற்காது. அந்தக் காலத்துக் கிரில்கள் அதிகமும் ஏபிஎஸ் என்பதால் இனி அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வெடிப்புக்கு சுப்பர் குளூ போடாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகும். தோட்டத்து ரோட்டில் நாலு குலுக்கல், அதே இடத்தில் விடும். ஏபிஎஸ்ஸை ஏபிஎஸ்ஸாலேயே ஒட்ட வேண்டும். உடைந்த பழைய கிரில் ஒன்றைத் துருவி, 10 கிராம் துருவலுக்கு 20 முதல் 25 மில்லிலீற்றர் அசிட்டோன் ஊற்றி, தகர மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஓர் இரவு வைத்தால் தேன் பதத்துக்கு வரும். வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் 1.5 மில்லிமீற்றர் துளை போடுங்கள். பின்பக்கம் வெடிப்பு நெடுக வி வடிவில் பள்ளம் கீறி, பசையை மெல்லிய படைகளாக நிரப்பி, மேலே ஒரு துண்டு மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலையைப் புதைத்து விடுங்கள். குறைந்தது 48 மணி நேரம் தொடக்கூடாது. மேற்பரப்பு காய்ந்தாலும் உள்ளே அசிட்டோன் இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பெயின்ட் அடித்த பிறகு அந்த இடம் உள்வாங்கிக் கோடாகத் தெரியும். ஒடிந்த காதுகளை (ஸ்குரூ பூட்டும் நீட்டுகளை) 3 மில்லிமீற்றர் ஏபிஎஸ் தகட்டில் வெட்டி இதே பசையால் ஒட்டலாம்.

கழுவும் வேலையில் சோம்பல் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம், வெந்நீர், பழைய பல்துலக்கி. ஒவ்வொரு பட்டையின் அடிப்பக்கமும் போக வேண்டும். பொலிஷ் மெழுகும் சிலிக்கனும் தங்குவது அங்கேதான். பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கவும். லாக்கர் தின்னரில் ஊற வைக்கும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. அது ஏபிஎஸ்ஸை அரித்து மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். 400 வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து 600ஆல் முடியுங்கள். பேப்பர் நுழையாத இடுக்குகளுக்குச் சாம்பல் நிற ஸ்கொச் பிரைட் தேய்ப்பு நார்.

இனி ஈரம். ஸ்ப்ரேயிலிருந்து கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த பரப்பு பனிநிலைக்கு (காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இறங்கினால் காற்றிலுள்ள நீர் அதன்மேல் படியும். கறுப்பில் பால் கலந்தாற்போல் வெண்மை படர்வது அதனால்தான். பரப்பு பனிநிலையை விடக் குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும். மூடுபனி விலகாத ஒரு நாளில் அறை 18 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம் என்று வையுங்கள்: பனிநிலை ஏறத்தாழ 16.3. இடைவெளி 2 பாகை கூட இல்லை. அதே காற்றை 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 70 அளவுக்கு இறங்கும். பனிநிலை மாறாது, இடைவெளி கிட்டத்தட்ட 6 பாகையாகிவிடும். வெறும் 4 பாகைதான் வித்தியாசம்.

மின் ஹீட்டரால் அறையையும் கிரிலையும் சூடாக்கி, அடிக்கும் முன் அணைத்து விடுங்கள். கேஸ் அடுப்பும் விறகும் வேண்டாம்: எரியும்போது அவையே நீராவியைக் கொட்டும், தீ ஆபத்து வேறு. நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் ஏறிய பிறகு, பகல் மூடுபனி இறங்கும் முன் அடிப்பது நல்லது. ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் மழை விடாது; பண்டாரவளை, பதுளைப் பக்கம் அப்போது காய்ந்து கிடக்கும். அங்கே ஒரு சொந்தக்காரர் இருந்தால் கிரிலைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

400 மில்லிலீற்றர் கேனில் பிரைமர் ஒன்று, சாட்டின் (அரைப் பளபளப்பு) கறுப்பு ஒன்று. ஒரு சிறிய காரின் கிரிலுக்குப் போதும். கேனை இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் வைத்தால் தூறல் மென்மையாக வரும்; அடுப்பில் ஒருபோதும் வைக்க வேண்டாம். கிரிலைக் கம்பியில் தொங்கவிட்டு, 20 முதல் 25 சென்றிமீற்றர் தூரத்திலிருந்து மேல், கீழ், இடம், வலம் என்று சரிந்த கோணங்களில் பட்டைகளின் உட்புறத்தை முதலில் முடியுங்கள், முகப்பு கடைசியில். நேராக நின்று அடித்தால் முகப்பில் வழியும், உள்ளே பழைய சாம்பல் அப்படியே பல்லிளிக்கும். மூன்று மெல்லிய படை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 15 முதல் 20 நிமிடம். வெண்மை படர்ந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு படை போட்டு மறைக்காமல், நன்றாகக் காயவிட்டு, 800 பேப்பரால் தேய்த்து, காய்ந்த நாளில் திரும்ப அடியுங்கள்.

குரோம் வரம்புகள் நல்ல நிலையில் இருந்தால் டேப் ஒட்டி மல்லுக்கட்டத் தேவையில்லை. முழுவதையும் கறுப்பாக அடித்து, அது இளக்கமாக இருக்கும்போதே, தட்டைக் குச்சியில் இறுக்கிச் சுற்றிய துணியில் தின்னரை லேசாகத் தொட்டு வரம்பின் மேலே மட்டும் ஓட்டினால் குரோம் வெளியே வரும். துணி சொட்டினால் பக்கத்துக் கறுப்பும் போய்விடும். உரிந்த குரோமுக்கு குரோம் மார்க்கர் பேனா பரவாயில்லை, ஆனால் அதன்மேல் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் பளபளப்பு செத்து வெள்ளி நிறமாகிவிடும்.

குளிரில் பெயின்ட் மெதுவாகத்தான் இறுகும். ஒரு வாரம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பூட்டுங்கள். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ரப்பர் வொஷர் போட்டு, கையால் இறுகும் அளவோடு நிறுத்தவும். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் வொஷ் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.