அம்மா சொல்லாமல் விட்ட வரி

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றைப் போலவே எங்கள் வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப ஜெபம் உண்டு. பாயை விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, அப்பா ஒரு வேதபகுதியை வாசித்து முடித்ததும், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் உள்ளபடி, ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்பதுதான் எங்கள் வழக்கம். நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டில், அம்மாவின் குரல் சரியாக அந்த இடத்தில் நின்றுபோய், அடுத்த வரியில் மறுபடியும் சேர்ந்துகொள்வதைக் கவனித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டுமே அது தெரிந்திருக்கும். ஏறத்தாழ எட்டு மாதம் அம்மா அந்த வரியைச் சொல்லவில்லை.

காரணம், எங்கள் வீட்டில் அப்போது கடனாளி என்பது உவமை அல்ல. துணிக்கடை வைப்பதற்காக என் சித்தப்பா அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை வாங்கிக்கொண்டுபோய் அடகு வைத்திருந்தார். கடை ஓராண்டுகூட ஓடவில்லை. வட்டி கட்ட வழியில்லாமல் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. அது பாட்டி தன் கழுத்திலிருந்து கழற்றி அம்மாவுக்குப் போட்ட சங்கிலி. ஏலம் முடிந்த செய்தியைக்கூடச் சித்தப்பா நேரில் வந்து சொல்லவில்லை. அடகுக்கடைப் பக்கம் போய்வந்த உறவினர் ஒருவர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

அப்பாவுக்குத் தம்பிமேல் பாசம் அதிகம். ‘ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே’ என்று வேதவசனத்தை எடுத்துக்காட்டுவார். வீட்டுக்கு வந்த உறவினர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு காசுகூட இழக்காதவர்கள்தான் மன்னிப்பைப் பற்றி மிகுந்த உற்சாகத்தோடு பேசுகிறார்கள் என்பது அன்றைக்கே எனக்கு உறைத்தது. குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை, மன்னித்துவிடு என்று இதே வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிய குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் லூக்கா 17-ஆம் அதிகாரத்தைக் கூடவே வாசிப்பதில்லை. சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அதாவது மனம் வருந்தினால், அவனுக்கு மன்னிப்பாயாக என்றுதான் அங்கே இருக்கிறது.

ஏழெழுபது தரம் என்று சொன்ன கையோடு இயேசு சொல்லும் உவமையை அம்மா அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனை ராஜா மன்னித்துவிடுகிறார். அவனோ தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். பிரசங்கங்களில் அந்த நூறு பணத்தை அற்பத் தொகை என்று தள்ளிவிடுவார்கள். ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்பதால், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அற்பம்தான். ஆனால் ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். நூறு பணம் என்றால் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. அதை இழந்தவனுக்கு உண்மையாகவே நஷ்டம். தவிர, அந்த உவமை ராஜா கணக்குப் பார்க்க உட்காருவதில்தான் தொடங்குகிறது. எவ்வளவு என்று தெரிந்தபிறகே அவர் கடனை விடுகிறார். எங்கள் வீடுகளில் கணக்கே பார்க்காமல் ‘பரவாயில்லை, விடு’ என்று மூடிவிடுகிறோம். உள்ளே வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை இருந்த நிலையில், அம்மாவே சித்தப்பாவை வரச்சொன்னார். காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, சங்கிலி யாருடையது, என்ன எடை, எதற்காகப் பத்திரப்படுத்தியிருந்தார், ஏலச் செய்தியைப் பிறர் வாயால் கேட்டபோது எப்படி இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. சித்தப்பா காப்பியைத் தொடாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியின்மேல் ஆடை படிந்து சுருங்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வெகுநேரம் கழித்து, ‘தப்புதான் மதினி, முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை’ என்றார். ‘சரி தம்பி, இனி நான் இதைக் கேட்கமாட்டேன்’ என்றார் அம்மா. அன்றிரவு ஜெபத்தில் அந்த வரியை அவர் சொன்னார், சற்றுக் கரகரத்த குரலில்.

அதன்பிறகு அந்தச் சங்கிலியின் பேச்சை அம்மா எடுத்ததே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு கழித்துச் சித்தப்பா ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டபோது அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். மன்னித்தபிறகு இது என்ன என்று அப்பா முணுமுணுத்தார். எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவருவதும், அம்மா அதில் முந்திரிக்கொத்து செய்து அவர் வீட்டுக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் அனுப்புவதும் அதனால் நிற்கவில்லை.

இப்போது என் வீட்டில், சண்டை போட்ட பிள்ளைகளை உடனே ‘சாரி’ சொல்லவைத்துக் கைகுலுக்கவைக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அது பெரியவர்களின் தலைவலி தீருவதற்கான வழி. பெற்றோர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதுதான் அதைவிடக் கடினம். என் அப்பா ஒருமுறையும் கேட்டதில்லை. சென்ற மாதம், அலமாரியில் வைத்த பணத்தை எடுத்துவிட்டாள் என்று என் மகளைத் திட்டினேன். பணம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஜெபத்துக்கு உட்காருமுன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் விரல்விட்டு எண்ணினாள்: ‘என்னைக் கேட்காமலே முடிவு பண்ணினீங்க, ஒண்ணு. பாட்டி முன்னால கத்தினீங்க, ரெண்டு.’ இரண்டையும் ஒப்புக்கொண்டேன். பரமண்டல ஜெபத்தில் அந்த வரி வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.